சேஸுக்குப் போட்ட கட்டு

எங்கள் வீட்டில் எது பழுதானாலும் முதலில் தேடுவது பேண்டேஜ் துணியைத்தான். குழாய் ஒழுகினால் அதைச் சுற்றுவோம். இட்லித் தட்டில் விரிப்பது அதுதான், மோர் வடிகட்டுவது அதுதான், விளக்குமாறு கட்டு அவிழ்ந்தால் இறுக்குவதும் அதை வைத்துத்தான். ராஜபாளையத்தைச் சுற்றி ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி நெய்யும் தறிகள் நிறைய உண்டு. என் நாத்தனார், அதாவது என் வீட்டுக்காரரின் தங்கை, அப்படியொரு தறிக்கூடத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவள். மிச்சம் விழும் துண்டுத் துணியெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்து சேரும். காய் நறுக்கும்போது விரலை அறுத்துக்கொண்டால் மட்டும் ஒரு துண்டு கிடைக்காது. எல்லாம் வேறெங்காவது கட்டப்பட்டிருக்கும்.

ஜீப் என்னுடையது. அரசாங்க ஏலத்தில் எடுத்தது. வன்னியம்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னை இருக்கிறது. தேங்காய், மட்டை, உர மூட்டை எல்லாம் ஏற்றுவது அதில்தான். ஓட்டுவது நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் பஞ்சு மில்லில் கணக்குப் பார்க்கிறவர். ரோட்டில் கோழி குறுக்கே வந்தால்கூட நின்று அது போன பிறகுதான் நடப்பார். என்னோடு ஜீப்பில் ஏறிவிட்டால் இறங்குகிற வரை சாமி பேராகச் சொல்லிக்கொண்டு வருவார்.

நாத்தனார், கல்யாணமாகிப் போன இடம் சரிப்படாமல் ஒரே வருஷத்தில் திரும்பி வந்து எங்களோடு இருப்பவள். எனக்கும் அவளுக்கும் வாய்ச்சண்டை வராத நாள் கிடையாது. சண்டை போட்ட கையோடு ஒரே தட்டில் சாப்பிட்டும் விடுவோம். போன வருஷம் திடீரென்று தறி வேலையை விட்டுவிட்டு, டிபன் கடை போடப் போகிறேன் என்றாள். ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலைக்குப் போகிற லாரிகள் வந்து நிற்கிற இடத்தில் ஒரு டயர் கடைக்காரர் தன் கடைக்குப் பக்கத்தில் நிழலாக இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். ஓலைப் பந்தல்கூடப் போடக் கூடாது, சக்கரம் வைத்த கடைதான் நிற்கலாம், சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பட்டறையில் சொல்லி, அடுப்பு, மேடை, மேலே தகரக் கூரை எல்லாம் வைத்து ஒரு ட்ரெய்லர் செய்தாள். அதை ஜீப்பின் பின்னால் மாட்டிக் காலையில் கொண்டுபோய் விட்டுச் சாயங்காலம் இழுத்து வர வேண்டும். இழுக்கிற வேலை என்னுடையது.

டயர் கடைக்காரருக்கு ஒரு நிபந்தனை இருந்தது. புரோட்டாக் கடைக்காரர் ஒருவரும் அந்த இடத்தைக் கேட்டு அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார். "ஆவணி பிறந்து மொத திங்கக்கெழம காலையில யாரு வந்து அடுப்பு பத்த வைக்காகளோ, அவிகளுக்குத்தான் இடம். எனக்கு ரெண்டு பேருகிட்டயும் பேச்சு வாங்க முடியாது" என்று சொல்லிவிட்டார். இவளோ தறியை விட்டாயிற்று. அங்கே அவள் இடத்துக்கு வேறு ஆளும் வந்தாயிற்று. அந்த நிழல் கையை விட்டுப் போனால் அவளுக்குப் போக வேறு இடம் இல்லை.

ட்ரெய்லர் ஆடி மாசத்திலேயே தயாராகிவிட்டது. ஜீப்பின் பின்னால் அதை மாட்ட ஒரு கொக்கி பொருத்த வேண்டியதுதான் பாக்கி. "ஆடியில கூடாது" என்றார் என் வீட்டுக்காரர்.

"நாம என்ன பொண்ணு மாப்பிள்ளையவா சேத்து வைக்கப் போறோம்? கொக்கிங்க, கொக்கி!"

"ரெண்டு வண்டியச் சேக்கதும் சேக்கதுதான். புதுசாக் கல்யாணம் ஆனவுகளையே ஆடியில பிரிச்சு வைக்காக. இது கூடுமா?"

நாத்தனாரும் அண்ணனுக்கு ஒத்து ஊதினாள். புதுக் கடை, நல்லபடியாக ஆரம்பிக்க வேண்டுமே என்று அவளுக்குப் பயம். ஆடிப்பூரத் தேருக்கு ஊரே ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றபோது நாங்களும் போய் வடம் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பட்டறையில் தனியாக நின்ற ட்ரெய்லரையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தோம். ஆவணி பிறந்தது ஒரு சனிக்கிழமை. நடுவில் ஒரு ஞாயிறு. அதற்கு மறுநாளே அந்தத் திங்கட்கிழமை.

சனிக்கிழமை காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் கிளம்பினோம். பாதி வழியில் என் வீட்டுக்காரர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாதே" என்றார்.

"நேத்தே வாங்கியிருக்கலாம்ல?"

"நேத்து ஆடியில்லா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஹாரனை அழுத்தினேன்; முன்னால் வண்டியே இல்லை. "போல்ட்டு நட்டெல்லாம் நான் வாங்கிக்கிடுதேன். சனி பிடிக்கதுன்னா என்னையவே பிடிக்கட்டும். என்கூட ஒரு வாரம் குடித்தனம் பண்ணிப் பாத்துட்டு அதுவே துண்டக் காணோம் துணியக் காணோம்னு ஓடிரும்."

"நான் ஓடலையே" என்று அவர் ஜன்னல் பக்கம் திரும்பி முனகியது எனக்கு நன்றாகவே கேட்டது.

பட்டறை மடவார் வளாகத்தில், கோயிலை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது. மெக்கானிக் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், என்னைவிட இளையவர், வாய் ஓயாதவர். ஸ்பேனரை எடுப்பதற்குள் இரண்டு டீ குடித்துவிடுவார். ஜீப்பின் பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பம்பர்ல வெல்டு வச்சிருவோம்க்கா. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிரலாம்" என்றார்.

"பம்பரா? இடிச்சா நசுங்கதுக்கு வச்சிருக்கது அது. அதுல கொண்டுபோயி அடுப்பு, சிலிண்டரு, தண்ணி டிரம்மு அம்புட்டையும் தொங்கவிடச் சொல்லுதீகளா?"

"எல்லாரும் அப்படித்தாங்க்கா வைக்காக."

"எல்லாரு வண்டியையும் நான் ஓட்டலையே. சேஸ்ல மாட்டுங்க."

சேஸ் என்பது வண்டியின் எலும்புக்கூடு. நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டங்கள், அவற்றை இணைத்துக் குறுக்கே சில சட்டங்கள். எஞ்சினும் பாடியும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. இழுக்கிற பாரம் அந்த இரண்டு நீளச் சட்டங்களுக்கும் போய்ச் சேர வேண்டும். பழைய வண்டி என்றால், அந்தச் சட்டங்கள் இன்னும் நல்ல இரும்பாக இருக்கின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். என் கைக்கு வருமுன் அந்த ஜீப் எந்த ஆபீஸ் வாசலில் எத்தனை மழையில் நனைந்து கிடந்ததோ, யார் கண்டது.

மெக்கானிக் சுத்தியலோடு அடியில் போனார். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி கூடவே போனேன். அவர் நீளச் சட்டத்தை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். கணீர் கணீர் என்று கேட்டது. "சேஸா இது, கோயில் மணில்லா!" என்று சந்தோஷப்பட்டார். கடைசியில், கொக்கி வர வேண்டிய இடத்தில் இருக்கிற பின்பக்கத்துக் குறுக்குச் சட்டத்தைத் தட்டினார். தொப் என்றது.

இன்னொரு தரம் தட்டினார். அதே தொப்.

"என்னக்கா, தலகாணியத் தட்டுத மாதிரி இருக்கு?" என்று ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். கறுப்பு பெயின்ட் பொத்தென்று உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. விரலை விட்டு இழுத்தார். அது இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

வெளியே நின்ற நாத்தனார் குனிந்து அதை வாங்கி, வெயிலில் விரித்துப் பார்த்தாள். "மதினி, இது எங்க தறித் துணில்லா" என்றாள்.

மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தோம். அவர் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தின வருஷம் ஜீப்புக்கு பெயின்ட் அடிக்கிறேன் என்று சொல்லி அதன் அடியில் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தார். நானும் பரவாயில்லை, மனுஷருக்கு வண்டிமேல் பாசம் வந்துவிட்டதே என்று பூரித்துப் போய்ப் பஜ்ஜியெல்லாம் போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு நடந்தது இப்போதுதான் வெளியே வந்தது. "ஒரு ஓட்டை இருந்துச்சு. கோழி முட்டை அளவுதான் இருக்கும். துணியப் பசையில முக்கி உள்ள திணிச்சு, மேல பட்டி பாத்து, கறுப்பு அடிச்சேன்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒழுகலையே?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஒழுகலையாம்! அதென்ன தண்ணித் தொட்டியாங்க ஒழுகதுக்கு? சேஸுங்க! சேஸுக்குப் போயி யாராவது கட்டுப் போடுவாகளா?"

மெக்கானிக் வாயைப் பொத்திக்கொண்டு, "புண்ணு ஆறதுக்குள்ள நாம பிரிச்சுட்டோம்க்கா" என்றார். எனக்கும் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. கோபமாக இருக்கும்போது சிரிப்பு வந்தால் எனக்கு இன்னும் கோபம் வரும். அன்றைக்கு அவருக்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது.

நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

மக்கிப்போன குறுக்குச் சட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு, புதிதாக ஒன்று செய்து, இரண்டு நீளச் சட்டங்களிலும் பிளேட் வைத்து போல்ட் போட்டு முடுக்கி, அதில்தான் கொக்கியைப் பொருத்த வேண்டும் என்றார் மெக்கானிக். அன்றைக்கு முழுக்க ஆகும், மறுநாளும் ஆகும். அதில் ஒரு சிக்கல் வேறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய தங்கை மகளுக்குக் காதுகுத்து. "பிள்ளைய என் மடியிலதான் உக்கார வைக்கணும். தாய்மாமன் இல்லாம எப்படி? மத்தியானத்துக்கு மேல வந்து மாட்டித் தாரேன்" என்றார்.

"வேண்டாம்ணே. பம்பர்லயே வெல்டு வச்சுக் குடுத்துருங்க" என்றாள் நாத்தனார். "ஒரு வாரம் ஓட்டிக்கிடுவோம். பொறவு நிதானமா எல்லாஞ் செய்யலாம்."

"முடியாது" என்றேன்.

"ஒரே ஒரு வாரம் மதினி."

"ஒரு நாளும் முடியாது. நடுரோட்டுல கழண்டுச்சுன்னா? பின்னால ஸ்கூட்டர்ல பிள்ளைய வச்சுக்கிட்டு எவளாவது வருவா. ஒன் சிலிண்டரும் கொதிக்கிற சாம்பாரும் அவ மேல போயி விழும். ஓட்டப் போறது நான். நான் ஓட்ட மாட்டேன்."

"ஒங்களுக்கு ஒங்க ஜீப்புதான் பெருசு. நான் எக்கேடு கெட்டா ஒங்களுக்கென்ன?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. எங்கள் சண்டையில் எத்தனையோ வார்த்தை வந்திருக்கிறது. இப்படி ஒன்று வந்ததில்லை. "வெட்டுங்க" என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டு போல்ட் வாங்கப் போய்விட்டேன். உள்ளுக்குள் பயமும் இருந்தது. இடம் போய்விட்டால் அந்தப் பழி என் தலையில்தான் விழும். ஆயுசுக்கும் அவள் அதைச் சொல்லிக் காட்டுவாள். சொன்னாலும் நியாயம்தான்.

நான் திரும்பி வந்தபோது கிரைண்டர் தீப்பொறி பறக்க ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் ட்ரெய்லர் படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். வெட்டிப் போட்ட பழைய சட்டத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டுபோய், ஒன்றும் பேசாமல் அவள் மடியில் வைத்தேன். அவள் அதை வெறுமனே கையால் அழுத்தினாள். அப்பளமாக நொறுங்கிச் சேலையெல்லாம் துரு கொட்டியது. அந்தத் துருவை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அன்றைக்கு ஜீப்பைப் பட்டறையில் விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு போய்ச் சேருகிற வரை அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நடுவில் உட்கார்ந்து வந்த மனுஷர் சாமி பேரைக்கூட மனசுக்குள்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஞாயிறு காலையில் மெக்கானிக் பட்டறைச் சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் பட்டு வேட்டியில் காதுகுத்துக்குப் போனார். அதற்குள் நீளச் சட்டங்களின் பின் பாதியைக் கம்பி பிரஷால் தேய்த்துத் துருவை எடுத்து, செம்பெயின்ட் ஒரு கை அடித்து வைக்கச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் ஆசையாக பிரஷை எடுக்க வந்தார். "நீங்க தொட்டீகன்னா பாத்துக்கிடுங்க" என்றேன். அவர் டிபன் வாங்கி வரக் கிளம்பிவிட்டார். நான் ஒரு பக்கத்துச் சட்டத்துக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபக்கத்திலும் பிரஷ் சத்தம் கேட்டது. நாத்தனார் வந்து படுத்திருந்தாள்.

இரண்டு பேர் ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தால் முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை. பேசுவதற்கு அது வசதிதான்.

"மதினி, என்னைய வீட்டவிட்டுப் போன்னு யாரும் ஒரு நாளும் சொன்னதில்ல" என்றாள்.

"எதுக்குட்டி சொல்லணும்?"

"அதான் கஷ்டமே. அண்ணன் சொல்லல, நீங்க சொல்லல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரோஷத்துல அன்னைக்கே எதையாவது செஞ்சிருப்பேன். ராசாத்தி மாதிரி வச்சுக்கிட்டீக. எனக்குன்னு ஒரு அடுப்பு பத்த வைக்கணும்னு நெனப்பு வரதுக்கே இம்புட்டு நாளாயிருச்சு." பிரஷ் கொஞ்ச நேரம் நின்றது. "இந்த எடமும் போச்சுன்னா, மறுபடியும் ஒரு நெனப்பு வருமான்னு தெரியல. அந்தப் பயந்தான் மதினி. நேத்து வாயில என்னமோ வந்துருச்சு. மனசுல வச்சுக்கிடாதீக."

"வச்சுக்கிடாம? ஒரு வருசத்துக்கு வச்சிருப்பேன்."

மறுபக்கம் சிரிக்கிற சத்தம் வந்தது. அவளை எவ்வளவு நன்றாக வைத்திருக்கிறோம் என்று ஊரிலும் உறவிலும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டவள் நான். அது அவளுக்கு எப்படி இருந்தது என்று அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. "கண்ணுல துரு விழுது, பேசாம தேயி" என்று அதட்டிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சொன்னபடி மெக்கானிக் மத்தியானம் வந்துவிட்டார். நெற்றியில் சந்தனம், சட்டையெல்லாம் ஈரம். "அழுது என் மேலயே எல்லாத்தையும் விட்டுருச்சுக்கா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே அழுக்குக் கைலிக்கு மாறினார். பழைய குறுக்குச் சட்டத்தை வெட்டியதில் நீளச் சட்டங்களின் வாய் பின்பக்கம் திறந்து கிடந்தது. அதன் வழியாக, போல்ட் போகிற இடத்தில் ஒவ்வொரு துண்டுப் பைப்பை உள்ளே நுழைத்தார். எதற்கென்று கேட்டேன். "உள்ள பொள்ளலா இருக்குல்லா. சும்மா முடுக்குனா சட்டம் நசுங்கும். நசுங்குனா போல்ட்டு லூசாயிரும். இந்தப் பைப்பு உள்ள நின்னு தாங்கிக்கிடும்" என்றார். ஓட்டையும் சட்டத்தின் பக்கவாட்டில்தான் போட்டார். மேலும் கீழும் போட்டால் பாரம் ஏறும்போது அந்த இடத்திலிருந்துதான் ஒடியத் தொடங்கும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் போட்டு முடிகிற வரை பக்கத்திலேயே நின்றேன்.

ட்ரில் மறுபக்கம் எட்டிப் பார்க்கிற நேரத்தில், "சூடு, சூடு!" என்று கத்தினார். நான் சட்டத்தைப் பிடித்திருந்த கையை வெடுக்கென்று உதறிப் பின்னால் போய் பெயின்ட் டப்பாவைத் தட்டிவிட்டேன். அவர் என்னைப் பார்த்து முழித்தார். சந்தோஷத்தில் அவர் வாயில் வந்தது தெலுங்கு. அந்த மொழியில் சூடு என்றால் பார் என்று அர்த்தமாம். இரண்டு ஓட்டையும் நேர்கோட்டில் வந்துவிட்டதைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். "பாருன்னா பாருன்னு சொல்லித் தொலைங்களேன்" என்று வைதுகொண்டே எட்டிப் பார்த்தேன். பார்க்க வேண்டிய வேலைதான். போல்ட் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது.

புதுச் சட்டத்தைத் தூக்கி வைத்து, இரண்டு பக்கமும் தடிமனான பிளேட்டைக் கொடுத்து, வெட்டின இடத்துக்கும் ஓட்டைகளுக்கும் பெயின்ட் தொட்டு வைத்து, போல்ட்களைப் போட்டார். முடுக்குகிற நேரம் வந்ததும் நாத்தனார் ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். காலை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக அவளே முடுக்கினாள். மெக்கானிக் அதற்குப் பிறகு சரி பார்த்தார். கால் சுற்றுக்கூடப் போகவில்லை. என் வீட்டுக்காரருக்கு ட்ரெய்லர் விளக்குகளுக்கு ஒயர் இழுக்கிற வேலையைக் கொடுத்தோம். அதை உண்மையிலேயே அழகாகச் செய்தார். ஒயர் முனையைச் சுற்ற ஏதாவது துணி இருக்கிறதா என்று அவர் கேட்டபோது மூன்று பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

பிறகு ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டி, பின்னைச் செருகி, இரண்டு சங்கிலிகளையும் அடியில் குறுக்காகப் பூட்டினோம். என் வீட்டுக்காரரை ட்ரெய்லரின் முன் மூக்கில் ஏற்றிவிட்டேன். "குதிங்க. ஒழுகுதான்னு பாப்போம்." பாவம், அவர் குதித்தார். சட்டத்தில் ஒரு முனகல்கூட இல்லை. பாரம் ஏற்றி நாலு தெரு சுற்றி வந்து போல்ட்களை மறுபடியும் முடுக்கிப் பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே ராஜபாளையம் வந்து சேர்ந்தோம். வழியெல்லாம் நாத்தனார் பின்பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு முகத்தைப் பார்த்து எனக்கு நாளாகிவிட்டது.

திங்கட்கிழமை விடிந்தும் விடியாமலும் கிளம்பினோம். தண்ணீர் டிரம்மைச் சக்கரத்துக்கு மேலே, கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தோம். பாரம் பின்னால் போனால் ட்ரெய்லர் வாலாட்டும். ஆலங்குளம் ரோட்டில் இரண்டு பக்கமும் மானாவாரிக் காடு, மழைக்குக் காத்துக் கிடந்தது. நான் நிதானமாகத்தான் போனேன். ஒரு திருப்பத்தில் ஆட்டுக் கூட்டம் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. பிரேக்கை மிதித்தேன். பின்னாலிருந்து ட்ரெய்லர் மொத்தப் பாரத்தோடும் வந்து ஜீப்பை ஒரு தள்ளுத் தள்ளியது. ஜீப் நின்றது, ட்ரெய்லர் அதன் பின்னால் நேராக நின்றது. ஓர் ஆடு வந்து டயரை முகர்ந்துவிட்டுப் போனது. இறங்கிப் போய் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. சாம்பார் கொஞ்சம் சிந்தியிருந்தது, அவ்வளவுதான்.

"வெல்டு வச்சிருந்தா?" என்று நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்.

"பேசாம வா" என்றேன்.

ஆலங்குளம் போய்ச் சேர்ந்தோம். அந்த நிழலில் ஒரு மினிவேன் நின்றது. புரோட்டாக் கடைக்காரர் கல்லை இறக்கிக்கொண்டிருந்தார். டயர் கடைக்காரர் பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜீப்பை இன்னும் நிறுத்தக்கூட இல்லை. நாத்தனார் குதித்து ஓடினாள். இழுபட்டுக்கொண்டிருந்த ட்ரெய்லரின் படியில் தாவி ஏறினாள். "ஏட்டி, விழுந்து தொலையப் போற!" என்று கத்திக்கொண்டே பிரேக் போட்டேன். பின்னால் குபுக்கென்று ஒரு சத்தம்.

"பத்த வச்சாச்சு!" என்றாள். கூரைக்கு அடியில் நின்று, எரிகிற அடுப்பைக் கையால் காட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி இன்னொரு தரம் சொன்னாள்.

டயர் கடைக்காரர் வாயில் நுரையோடு சிரித்தார். "அந்தம்மாதான் மொதல்ல" என்றார். புரோட்டாக் கடைக்காரர் கல்லை மறுபடியும் வேனில் ஏற்றினார். நல்ல மனுஷர். "இவுக சாயங்காலம் போயிருவாகல்லா? பொறவு நான் வந்து நின்னுக்கிடுதேன். ஒரே எடத்துல காலையில தோசை, ராத்திரி புரோட்டா. டிரைவர்மாருக்கு இதவிட என்ன வேணும்?" என்றார். எல்லாருக்கும் சம்மதம்.

நாத்தனாரே ஒயரைப் பிடுங்கினாள், சங்கிலிகளைக் கழற்றினாள், பின்னை உருவினாள். நான் ஜீப்பை ஓர் அடி முன்னால் எடுத்தேன். ட்ரெய்லர் தன் காலில் நின்றது. அவள் அதற்குள் கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைக்க ஆரம்பித்திருந்தாள். இரண்டு லாரிக்காரர்கள் வந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டினி வாளியைத் தூக்கினார். "நான் ஊத்துதேன், நீ சுடு" என்றார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். வாளியை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"அண்ணே, நீ இங்க நின்னா வாரவன் அம்புட்டுப் பேரும் உன்கிட்டதான் வெலை கேப்பான்" என்றாள். குரலில் கோபமே இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரி சொன்னாள். "போண்ணே. சாயங்காலம் வா."

அவர் வாளி போன கையோடு அப்படியே நின்றார். பிறகு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்து ஜீப்பில் ஏறினார். பின்னால் பாரம் இல்லாமல் வண்டி குதித்துக்கொண்டு போனது. அவர் கழுத்தைத் திருப்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஒரு தரம்கூட இந்தப் பக்கம் பாக்கலையேட்டி" என்றார்.

"ரெண்டு பேரு பசியோட நிக்கான். ஒங்களப் பாப்பாளா, தோசையப் பாப்பாளா?"

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "அது சரி" என்றார். அப்புறம் கொஞ்ச தூரம் போனதும், "நல்லா நிக்கா" என்றார். எனக்கு ரோடு கலங்கலாகத் தெரிந்தது. ஓரமாக வண்டியை நிறுத்திக் கண்ணைத் துடைத்துவிட்டுத்தான் மறுபடியும் எடுத்தேன்.